சதுப்புநிலச் சைப்பிரஸை யாழ்ப்பாணத்தில் பொன்சாயாக்குதல்: எந்த உயரத்தில் வெட்டுவது?

2020 செப்ரெம்பர் 20, காலை

கோண்டாவிலில் எங்கள் கிணற்றடி வாழைகளுக்கு நடுவே ஒரு சதுப்புநிலச் சைப்பிரஸ் நான்கு ஆண்டுகளாக நிற்கிறது. 2016 இல் கொழும்பில் ஒரு செடி விற்பனையில் வாங்கியபோது அது முழங்கை நீளக் கன்று. குளிக்கிற நீரும் உடுப்புத் தோய்க்கிற நீரும் வாய்க்காலால் ஓடிவந்து தேங்குகிற இடம் என்பதால், இப்போது பன்னிரண்டு அடிக்கு மேல் உயர்ந்து, நிலமட்டத்தில் 12 சென்ரிமீற்றர் விட்டத்துக்குப் பருத்துவிட்டது. அடிமரம் நிலத்தைத் தொடும் இடத்தில் பள்ளமும் மேடுமாக வரிகள் விழத் தொடங்கியுள்ளன. அந்த வரிகளைக் கண்ட பிறகுதான் இதைச் சாடிக்கு மாற்ற வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது.

கேள்வி இதுதான். அடி விட்டத்தைப் போல ஆறு மடங்கு உயரம் என்பது பொன்சாய் வளர்ப்போர் பலர் கைக்கொள்ளும் கணக்கு. அதன்படி 72 சென்ரிமீற்றரில் வெட்ட வேண்டும். ஆனால் இந்த மரத்தின் முதிர்ந்த வடிவு நெடிய அடிமரத்தில்தான் இருக்கிறது என்பதால் 100 சென்ரிமீற்றரில் வெட்டலாம் என்று நினைக்கிறேன். வெட்டிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

2020 செப்ரெம்பர் 20, இரவு

இது உண்மையில் சதுப்புநிலச் சைப்பிரஸ்தானா, அதைப் போலவே தோன்றும் மெற்றாசெகோயா மரமா என்று கேட்டவருக்கு: மெற்றாசெகோயாவில் சிற்றிலைகள் காம்பின் இரு புறமும் எதிரெதிராக அமையும். என்னுடையதில் மாறி மாறி அமைந்திருக்கின்றன. ஆகவே இது ரக்சோடியம் டிஸ்ரிக்கம், அதாவது சதுப்புநிலச் சைப்பிரஸ்தான். விற்றவர் வெறுமனே 'சைப்பிரஸ்' என்று சொல்லித்தான் தந்தார். மலைநாட்டில் வேலியோரம் நிற்கும் சைப்பிரஸ் செதில் போன்ற இலைகளோடு என்றும் பச்சையாக இருப்பது, வேறு பேரினம். இதுவோ ஊசியிலை மரமாக இருந்தும் இலையுதிர்ப்பது. அதிலும் இலைகளைத் தனித்தனியாக உதிர்க்காமல், இலை பொருந்திய மெல்லிய சிறுகிளையோடு, ஓர் இறகு கழன்று விழுவதுபோல உதிர்க்கும். மெக்சிக்கோவின் ஒஹாக்கா மாநிலத்தில் பெரும் பருமனுக்குப் பேர்போன தூலே மரம் இதே பேரினத்தின் இன்னோர் இனம். அந்த இனம் சூடான இடங்களில் முழுதாக இலையுதிர்ப்பதில்லை. என் மரம் தை மாதத்தில் ஏறக்குறைய மொட்டையாகிவிடுகிறது.

2020 ஒக்ரோபர் 4

உயரத்தைப் பற்றி வந்த கருத்துகள் இரண்டாகப் பிரிந்துவிட்டன. முக்கோண வடிவில் கூம்பாக வளர்த்தால் போதும், அதற்கு 60 சென்ரிமீற்றரே தாராளம் என்கிறார் வவுனியா நண்பர். அவருடைய கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த வடிவத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த மரம் இளமையில்தான் கூம்பாக நிற்கும். ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்கில், லூசியானா, புளோரிடா பக்கத்துச் சதுப்புகளில், நூற்றாண்டுகள் கடந்த மரங்களின் உச்சியைப் புயலும் இடியும் முறித்துவிடுகின்றன. அதன் பிறகு உயர்வது குறைந்து, மேற்கிளைகள் பக்கவாட்டில் விரிந்து, தட்டையான தலை உண்டாகிறது. வட கரோலினாவின் பிளாக் நதிக்கரையில் நிற்கும் ஒரு மரத்துக்குக் குறைந்தது 2,624 வயது என்று 2019 இல் வெளியான வளர்வளைய ஆய்வு கண்டறிந்தது. அவ்வளவு காலம் நின்ற ஒரு மரத்தின் சாயலை, பத்து வயதுக் கன்றின் கூம்பு வடிவத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது? நியூ ஓர்லியன்ஸைச் சேர்ந்த வான் பான்டிங் இந்தத் தட்டைத் தலையைப் பொன்சாயில் தனியொரு பாணியாக வகுத்துக் காட்டியவர். நான் பின்பற்ற விரும்புவதும் அதைத்தான்.

நம் பக்கத்தில் தட்டைத் தலையைப் பார்க்க விரும்புபவர்கள் மன்னார்ப் பக்கத்து உடை மரங்களைப் பார்க்கலாம். குடையை விரித்துப் பிடித்ததுபோல நிற்பவை. பேருந்து யன்னலோரம் இருந்து அவற்றைப் பார்த்துக்கொண்டு போன நாள்களில்தான், மரத்தின் மேற்கோடு நேராக ஓடினாலும் அலுப்புத் தட்டாது என்பது எனக்குப் புரிந்தது. ஆயினும் உடை தாழ்வாகவே கிளைத்து விரியும். சைப்பிரஸில் குடை தொடங்குவதற்கு முன் நெடிய அடிமரம் வேண்டும். அதனால்தான் 100 சென்ரிமீற்றர் என்றேன்.

2020 டிசம்பர் 6

புரேவிப் புயலின் மழை ஓய்ந்து இன்றுதான் வளவைச் சுற்றிப் பார்த்தேன். ஏழு வாழைகள் சரிந்து கிடக்கின்றன. சைப்பிரஸ் நான்கு நாள் முழங்கால் ஆழ வெள்ளத்தில் நின்றும் ஒரு கிளை முறியவில்லை.

வெட்டும் காலத்தைப் பற்றி: அந்த மரத்தின் சொந்த நாட்டில் குளிர்கால முடிவில், துளிர்ப்பதற்குச் சற்று முன், வெட்டுவார்கள். நமக்குக் குளிர்காலம் இல்லை. நியூ ஓர்லியன்ஸில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய நான்கு மணித்தியால வேறுபாடு உண்டு. யாழ்ப்பாணத்தில் அது ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல்தான். என்றாலும் நான்கு ஆண்டுகளாகக் குறித்து வைத்ததில், மார்கழி நடுப்பகுதியில் இலைகள் செம்பு நிறமாகி, தையில் உதிர்ந்து, மாசி பிறக்கும்போது துளிர் வருகிறது. ஆகவே தைக் கடைசி என்று நாள் குறித்திருக்கிறேன்.

2021 ஜனவரி 31

வெட்டியாயிற்று. 100 சென்ரிமீற்றரில், முன்பக்கம் சரிவாக இருக்கும்படி வாளால் அறுத்து, காயத்தின் விளிம்பைக் கூரிய கத்தியால் மழித்துவிட்டேன்.

கிளப்பும்போது எதிர்பாராத நன்மை ஒன்று கிடைத்தது. எங்கள் வளவில் செம்மண் ஆழம் குறைவு. ஒன்றரை அடிக்குக் கீழே சுண்ணக்கல் பார். ஆணிவேர் அந்தப் பாரில் முட்டித் திரும்பியிருந்தது, மற்ற வேர்கள் சக்கரத்தின் ஆரைக்கால்கள்போலப் பக்கவாட்டில் ஓடியிருந்தன. சாடிக்கு இதைவிட வாய்ப்பான வேரமைப்பு இல்லை. ஆணிவேரை அடியோடு அறுத்து, பக்கவேர்களை 15 சென்ரிமீற்றர் அளவில் விட்டு, சீமெந்து குழைக்கும் கறுப்புப் பேசினில் வைத்துள்ளேன். கலவை: கருங்கல் சல்லிக் குறுணி இரண்டு பங்கு, செங்கல் நொருங்கல் ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு. பேசினின் அடியில் துளையிட்டு, அதை இன்னொரு பெரிய பேசினுக்குள் நீரில் இருத்தியிருக்கிறேன். இந்த மரத்தின் பச்சைக் கிளைகள் எல்லாவற்றையும் நீக்கினாலும் பழைய மரப்பட்டையிலிருந்தே துளிர்க்கும் என்பதால், ஒரு கிளையையும் விட்டுவைக்கவில்லை.

2021 மார்ச் 7

உச்சியிலிருந்து அடி வரை துளிர்கள் தெறித்திருக்கின்றன, எண்ணியதில் நாற்பதுக்கு மேல்.

2021 ஜூன் 13

கவலையோடு எழுதுகிறேன். சித்திரை வெயில் தொடங்கியதிலிருந்து புதுத் துளிர்கள் மஞ்சளாகவே வருகின்றன. கீழே உள்ள பழைய இலைகள் பச்சையாக இருக்கின்றன, நுனிகள் மட்டும் வெளிறி, கடைசியில் வெள்ளைக்குக் கிட்டப் போய்க் கருகுகின்றன. நீர் அதிகமாகி வேர் அழுகுகிறது என்று எண்ணி, போன வாரம் வெளிப் பேசினின் நீரை வற்றவிட்டு, மேலால் மட்டும் கிணற்று நீர் ஊற்றி வருகிறேன். இன்னும் மோசமாகிறது.

2021 ஜூன் 20

மேலே எழுதியது முற்றிலும் பிழை. வேர் அழுகவில்லை. ஓரமாகக் கிளறிப் பார்த்தேன், வேர்நுனிகள் வெள்ளையாக, நலமாக இருக்கின்றன. பிழை நீரின் தன்மையில் இருக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. நம் கிணறுகளில் ஊறும் நீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டுதான் வருகிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதைக் காணாத வீடு இங்கே இல்லை. காரத்தன்மை கொண்ட அந்த நீரைச் சாடியில் நாள்தோறும் ஊற்றினால், நீர் ஆவியாகிச் சுண்ணம் தங்கும். மண்ணின் காரம் ஏறியதும் இரும்பு இருந்தாலும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. இரும்பு பழைய இலையிலிருந்து புது இலைக்கு எளிதில் நகராது என்பதால் நுனிதான் முதலில் வெளிறும். சதுப்புநிலச் சைப்பிரஸ் இந்த விடயத்தில் மிக மெல்லிய உடம்புக்காரன்.

அப்படியென்றால் நான்கு ஆண்டுகள் அதே கிணற்று நீரில், சவர்க்கார நீரும் கலந்த வாழைப் பாத்தியில், எப்படிப் பச்சையாக நின்றது? மூன்று இரவுகள் இதையே யோசித்தேன். செம்மண்ணின் சிவப்பே இரும்பினால் வந்தது. நீர் தேங்கிக் காற்றுப் புகாத சேற்றில் அந்த இரும்பு ஒடுக்கமடைந்து நீரில் கரையக்கூடிய வடிவத்துக்கு மாறுகிறது. வாழைச் சருகும் மட்டையும் மக்கி அதற்குத் துணைசெய்திருக்கின்றன. அங்கே மரத்துக்கு உணவாக இருந்தது அந்தச் சேறு. நானோ அதைச் சேற்றிலிருந்து பிடுங்கி, வேருக்கு எட்டும் இரும்பு இல்லாத சல்லியில் நட்டு, போதாக்குறைக்கு வெளிப் பேசினின் நீரையும் வற்றவிட்டேன்.

இன்று செய்தவை: வெளிப் பேசினை மீண்டும் நிரப்பினேன். அதன் அடியில் வாழைப் பாத்திச் சேறு இரண்டு வாளி போட்டேன். நுவரெலியாவிலிருந்து எழுதிய அக்கா இரும்புக் கூட்டு உரம் (வேர் உறிஞ்சக்கூடியபடி இரும்பைப் பிணைத்து வைத்திருக்கும் உரம்) ஊற்றச் சொன்னார். காரம் மிகுந்த மண்ணில் அதன் ஈ.டி.டி.ஏ. வகை நிலைக்காது, ஈ.டி.டி.எச்.ஏ. வகைதான் பயன்படும். ஆனால் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்த பிறகு, கடைக்காரர் வெறும் தட்டுகளைத்தான் காட்டுகிறார்.

2021 ஜூலை 4

பேசின் நீரில் நுளம்பு பெருகாதா என்று கேட்டது மிக நியாயமான கேள்வி. வீட்டில் தேங்கிய நீரை வைத்திருப்பது டெங்கு நுளம்புக்கு விருந்து வைப்பதாகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் வழக்குத் தொடரவும் கூடும். வெளிப் பேசினில் பத்துக் கப்பி மீன்கள் விட்டிருக்கிறேன், குடம்பி ஒன்றும் தப்புவதில்லை. சாடிக்கும் பேசின் விளிம்புக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி இருந்தால்தான் மீன் எல்லாப் பக்கமும் போய்வரும். மாதம் ஒரு தடவை நீரை முழுதாக மாற்றி, விளிம்பை உட்புறமாகத் தேய்த்துக் கழுவ வேண்டும், ஏனென்றால் முட்டைகள் நீர்க்கோட்டுக்கு மேலே ஒட்டியிருக்கும். இதைச் செய்ய நேரம் இல்லாதவர்கள் நீர்ப் பேசின் வைக்க வேண்டாம். அயலவரின் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருவதைவிட மரம் மெதுவாக வளர்வது பரவாயில்லை.

2021 நவம்பர் 28

மாரி வந்தது. ஐப்பசி நடுவிலிருந்து ஒரு சொட்டுக் கிணற்று நீரும் ஊற்றவில்லை, மழைநீர் மட்டுந்தான். ஆறு வாரத்தில் நுனிகள் எல்லாம் கிளிப்பச்சையாகிவிட்டன. அதே சாடி, அதே கலவை, அதே இடம். மாறியது நீர் ஒன்றுதான். சேறு போட்டதில் ஆவணி மாதமே சற்றுத் தேறியது உண்மை. ஆனால் மழைநீர் செய்ததைச் சேறு செய்யவில்லை.

ஆகவே இந்த இழையில் முதலில் நான் கேட்ட கேள்வியே இடம் மாறிவிட்டது. எந்த உயரத்தில் வெட்டுவது என்று கேட்பதற்கு முன், எந்த நீரை ஊற்றப் போகிறேன் என்று கேட்டிருக்க வேண்டும். வெளிறிய மரத்தில் கம்பி கட்டவும் முடியாது, கிளை தேரவும் முடியாது. முழுதாக ஓர் ஆண்டு வளர்ச்சி போய்விட்டது.

கணக்கு இப்படி: ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர் நீர். எங்கள் குசினிக் கூரையில் பீலி பொருத்திய பக்கம் 30 சதுர மீற்றர். யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,200 மில்லிமீற்றர், அதில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டுகிறது. 1,000 லீற்றர் தாங்கி ஒன்றை நிரப்ப ஒரு நல்ல மழை நாள் போதும். மரத்துக்கு நாளொன்றுக்கு ஐந்து லீற்றர் என்றால், மாசி முதல் புரட்டாதி வரை எட்டு மாதத்துக்கு 1,200 லீற்றர் வேண்டும். ஒரு தாங்கி வாங்கியிருக்கிறேன். குறைவதைக் கோடை மழை தரும் என்று நம்புகிறேன். முதல் மழையைச் சேர்க்காமல் விட்டுவிடுங்கள், கூரையிலிருக்கும் காக்கை எச்சமும் தூசியும் அதில்தான் வரும்.

உரத் தடையும் இந்த மாதம் நீங்கியிருக்கிறது. இரும்புக் கூட்டு வந்தால் வாங்குவேன், ஆனால் இனி அது துணைக்குத்தான்.

2022 மே 15

மின்வெட்டினால் பம்பு ஓடாத நாள்களில் வீட்டுத் தேவைக்கே வாளியால் அள்ள வேண்டியிருக்கிறது. மரத்துக்கு மட்டும் தாங்கி நீர் தனியாக இருப்பது பெரிய ஆறுதல்.

வளர்ச்சி இப்போது கண்மண் தெரியாத வேகத்தில் இருக்கிறது. ஆகவே வடிவத்தைப் பற்றிப் பேசலாம்.

ஒன்று: கம்பி. நான்கு மில்லிமீற்றர் அலுமினியக் கம்பி கட்டி மூன்று கிளைகளைத் தாழ்த்தினேன். ஐந்தாவது வாரம் பார்த்தபோது பட்டைக்குள் புதைந்திருந்தது. நல்ல நீரும் வெயிலும் கிடைக்கும் சைப்பிரஸில் கம்பியைப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும், மூன்று நான்கு வாரத்தில் கழற்றிவிட வேண்டும். கழற்றியதும் கிளை மறுபடி மேலே எழும்பும், மறுபடி கட்ட வேண்டும். இழுத்துக் கட்டும் கயிறு சில இடங்களில் கம்பியைவிட நல்லது. பனைநாரை நனைத்துக் கட்டிப் பார்த்தேன். பட்டையை அறுக்காமல் இரண்டு மாதம் நின்றது.

இரண்டு: வேண்டாத துளிர். அடிமரம் முழுதும் வாரந்தோறும் புதிது புதிதாக முளைக்கும். விட்டால் அவை தலைச்சிம்பின் (உச்சியாக வளரவிடும் சிம்பின்) பலத்தைத் தின்றுவிடும். இளசாக இருக்கும்போது பெருவிரலால் உருவிவிட்டால் வடுத் தெரியாது.

மூன்று: வவுனியா நண்பரிடம் ஓர் ஒப்புதல். 100 சென்ரிமீற்றர் என்று நான் பிடிவாதமாக நின்றது சரியில்லை. நிலமட்டத்தில் 12 சென்ரிமீற்றராக இருக்கும் அடிமரம், ஒரு சாண் ஏறியதும் 8 சென்ரிமீற்றராகி, அங்கிருந்து 100 சென்ரிமீற்றர் வரை ஏறக்குறைய அதே பருமனில் குழாய்போலப் போகிறது. மரம் மேலே போகப் போக ஒடுங்கவேண்டும். அந்த ஒடுக்கம் இல்லாவிட்டால் எத்தனை அடி உயரம் இருந்தாலும் அது நட்ட கம்பமாகத்தான் தெரியும். நெடிய தோற்றம் வேண்டுமென்றால், அதைத் தாழ வெட்டி, வெட்டிய இடத்திலிருந்து மெல்லிய தலைச்சிம்பை மேலே எடுத்துப்போய்த்தான் பெற வேண்டும். நண்பர் சொன்ன 60 சரிதான், கூம்புக்காக அவர் சொன்னதை நான் தட்டைத் தலைக்காக எடுத்துக்கொள்கிறேன். வரும் தையில் மறுபடி வெட்டுவேன்.

2022 செப்ரெம்பர் 11

முழங்கால் வேர்களைப் பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். இந்த மரம் தன் சொந்தச் சதுப்பில், வேரிலிருந்து நிமிர்ந்த முளைகளை நீருக்கு மேலே எழுப்பும். அராலிப் பக்கத்துக் கடனீரேரி ஓரங்களில் கண்ணா மரத்தைச் சுற்றிச் சேற்றில் குத்திட்டு நிற்கும் மூச்சுவேர்களைப் பார்த்த நாம், சைப்பிரஸின் முழங்கால்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன என்று உடனே சொல்லிவிடுகிறோம். கண்ணாவின் மூச்சுவேர் காற்றை உள்ளே எடுப்பது நிறுவப்பட்ட செய்தி. சைப்பிரஸின் முழங்கால்களைப் பற்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக விவாதம் நடக்கிறது, முடிவு வரவில்லை. காற்றுக்கென்பார் ஒரு சாரார், சேற்றில் மரத்தைத் தாங்குவதற்கென்பார் இன்னொரு சாரார்.

சாடியில் முழங்காலை உண்டாக்க, ஒரு வேரை வளைத்து மண்ணுக்கு மேலே எழுப்பிக் கல்லின் மேல் ஏற்றி வைப்பார்கள். நானும் ஒன்று செய்து பார்த்தேன். எட்டு மாதத்தின் பின் அது ஒரு கைப்பிடி வளையம்போலத் தெரிந்தது. நேற்று அதை அறுத்து எடுத்துவிட்டேன். அடிமரத்தின் வரிப்புடைப்புகளே இந்த மரத்துக்குப் போதிய சாட்சி.

அந்தப் புடைப்புகளுக்கு நீர்மட்டத்தை ஏற்றி இறக்குகிறேன். வேர்க்கழுத்துக்கு இரண்டு விரல் மேலே நீர் நிற்கும்படி மூன்று வாரம், பிறகு சாடியின் பாதி உயரத்துக்குத் தாழ்த்தி இரண்டு வாரம். நீரும் காற்றும் சந்திக்கும் கோட்டில்தான் அடிமரம் புடைக்கிறது. முன்னர் நீரை ஒரே மட்டத்தில் வைத்தபோது அந்தக் கோட்டில் மட்டும் ஒரு வளையம் வீங்கியது, அது வடிவாக இல்லை. ஏற்றி இறக்கத் தொடங்கிய பிறகு புடைப்பு மேலும் கீழும் பரவி, வரி வரியாக ஓடுகிறது.

2023 பெப்ரவரி 12

தைப் பொங்கல் கழிந்த வாரம் 62 சென்ரிமீற்றரில் வெட்டினேன். அந்த உயரத்தில் பின்பக்கமாகப் பெருவிரல் பருமனில் ஒரு சிம்பு இருந்தது. அதைத் தலைச்சிம்பாக நிமிர்த்திக் கட்டி, அதன் அடியிலிருந்து முன்நோக்கிக் கீழே சரியுமாறு நீண்ட சாய்வெட்டு வைத்தேன். சாய்வு நீளமாக இருந்தால்தான் பருத்த அடிமரம் மெல்லிய தலைச்சிம்புக்குள் ஓடிப்போய்க் கலப்பதுபோல இருக்கும். காயத்தின் நடுவைச் சற்றுக் குழிவாகவும் செதுக்கியிருக்கிறேன், இல்லாவிட்டால் உருண்டு வரும் புதுப்பட்டை கழலைபோலத் தள்ளி நிற்கும். தலைச்சிம்பை இந்த ஆண்டு முழுவதும் ஒரு தடவையும் கிள்ளாமல் விடப்போகிறேன். வெட்டிய இடத்தின் பருமனில் பாதியைத் தாண்டும் வரை அது எட்டு அடி போனாலும் போகட்டும்.

மொட்டையாக நின்ற மரத்தைப் பார்த்து அம்மா, "தம்பி, உது பட்டுப்போச்சு. பட்ட மரத்தை முத்தத்திலை வச்சிருக்கப்படாது" என்றார். பட்டையை நகத்தால் கீறி, உள்ளே பச்சையைக் காட்டினேன். அதன் பிறகு நாள்தோறும் காலையில் அவர்தான் முதலில் போய்த் துளிர் வந்துவிட்டதா என்று பார்க்கிறார்.

2024 ஜனவரி 7

இலை உதிர்தலைப் பற்றி. கடந்த மாரியில் மேகமூட்டமும் சூடும் நீடித்ததால் மரம் பாதி இலையை உதிர்த்து, மீதியைப் பழுப்பும் பச்சையுமாக வைத்துக்கொண்டு, அதற்குள்ளேயே புதுத் துளிரும் விட்டுக் குழம்பியது. ஓய்வு இல்லாமல் ஓடும் மரம் அந்த ஆண்டு முழுவதும் சோர்ந்தே இருந்தது. தலைச்சிம்பும் நான் எதிர்பார்த்த அளவு பருக்கவில்லை. இம்முறை மார்கழிக் கடைசி வாரத்தில், எஞ்சிய இலைகளையெல்லாம் நானே கையால் உருவிவிட்டு, மரத்தை வடக்குச் சுவர் நிழலுக்கு நகர்த்தி, வெளிப் பேசின் நீரை அகற்றி, மண் ஈரமாக மட்டும் இருக்கவிட்டேன். இங்கே குளிரைத் தர என்னால் முடியாது. இலையும் மிகுநீரும் இல்லாத ஐந்து வாரத்தைத் தர முடியும்.

2024 மார்ச் 3

பலன் தெரிகிறது. மாசி இரண்டாம் வாரத்தில் மரம் முழுதும் ஒரே நாள்களில் துளிர்த்தது. கடந்த ஆண்டு துளிர்ப்பு ஏழு வாரத்துக்கு இழுபட்டிருந்தது. உருவுவதை நலமான மரத்தில் மட்டும் செய்யுங்கள். 2021 இல் இருந்த என் மரத்தில் செய்திருந்தால் அது அத்தோடு போயிருக்கும்.

2024 ஓகஸ்ட் 18

நீண்ட இடைவெளிக்குக் காரணம் கறையான். சாய்வெட்டின் காயத்தைப் புயல் முறித்த மரம்போல உளியால் குடைந்து திறந்து வைத்திருந்தேன். சைப்பிரஸ் மரம் நீரில் உக்காது என்று எங்கும் எழுதியிருப்பதை நம்பி, பாதுகாப்பு எதுவும் பூசவில்லை. உக்காதது முதிர்ந்த மரத்தின் வைரம். எட்டு வயதுக் கன்றில் வைரம் ஏது? அது முழுக்க வெளிறிய மென்மரம். ஆனியில் குழியின் அடியில் மண்புற்றுக் கோடுகளைக் கண்டேன். உக்கிய பகுதியைச் சுரண்டி எடுத்து, குழியில் நீர் தங்காதபடி கீழ்விளிம்பில் சரிவான வாய்க்கால் வெட்டி, காயவிட்டு, சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்த கரைசலை மூன்று தடவை பூசினேன். பூசும்போது மண்ணைப் பொலித்தீனால் மூட வேண்டும். சாடியைத் தாங்கிய கொங்கிறீற் கல்லை எடுத்துவிட்டு, நீர்ப் பேசின் நடுவில் செங்கல்லின் மேல் வைத்த பிறகு கறையான் ஏறவில்லை.

2025 பெப்ரவரி 2

கிளைகளின் அமைப்பைப் படமாகக் கேட்டவருக்கு எழுத்தால் சொல்கிறேன். தலைச்சிம்பைப் போன தையில் 80 சென்ரிமீற்றரில் வெட்டி, அங்கிருந்து மூன்று கிளைகளை விரித்தேன். ஒன்று இடப்பக்கம் நீளமாக, ஒன்று வலப்பக்கம் அதில் பாதியாக, ஒன்று பின்பக்கம் ஆழம் காட்டுவதற்காக. மூன்றும் அடியில் சற்றே மேல்நோக்கி எழுந்து, பிறகு படுத்து ஓடுகின்றன. உள்ளங்கையை மேலே பார்க்க விரித்துப் பிடித்தால் விரல்கள் நிற்கும் நிலை அது. அவற்றின் மேற்புறத்தில் எழும் சிம்புகளை இரண்டு இலைத்தொகுதிக்கு மேல் வளரவிடாமல் கிள்ளுகிறேன். கீழே, அடிமரத்தின் நடுப்பகுதியில், மெல்லிய இரண்டு கிளைகள் மட்டும் தொங்குகின்றன. பெருங்கிளைகளை இழந்த முதுமரத்தில் பிற்காலத்தில் முளைத்தவைபோல அவை தோன்ற வேண்டும், ஆகவே அவற்றைப் பருக்கவிடுவதில்லை. கீழ்க்கிளைகள் நான்கு இருந்தன. இரண்டை எடுக்கலாமா என்று ஓர் ஆண்டு யோசித்துக்கொண்டிருந்து, போன மாதம் எடுத்தேன். எடுத்த பிறகுதான் அடிமரத்தின் உயரம் கண்ணுக்குத் தெரிந்தது.

நேற்றுப் பேசினிலிருந்து எடுத்து, ஏழு சென்ரிமீற்றர் ஆழமான நீள்வட்டச் சாடிக்கு மாற்றினேன். வேர்கள் ஓராண்டிலேயே பாயாகப் பின்னியிருந்தன, மூன்றில் ஒரு பங்கை அறுத்தேன். கலவையில் இப்போது வாழைப் பாத்திச் செம்மண்ணும் கைப்பிடி அளவு சேர்க்கிறேன். சாடி மண்ணிறம், பூச்சு இல்லாதது. நிலமட்டத்தில் அடிமரம் இன்று 15 சென்ரிமீற்றர், மொத்த உயரம் 84 சென்ரிமீற்றர். ஆறு மடங்குக்கும் குறைவாகத்தான் வருகிறது, ஆனால் நேரில் பார்க்கிறவர்கள் நெடிய மரம் என்றே சொல்கிறார்கள்.

இரண்டாவது தாங்கியும் மார்கழி மழையில் நிரம்பிவிட்டது. அறுத்த கிளைகளில் பென்சில் பருமனான ஆறு துண்டுகளை மழைநீர்ச் சேற்றில் ஊன்றியிருக்கிறேன். வேர் பிடித்தால், வவுனியா நண்பருக்கு ஒன்று தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அங்குள்ள கிணற்று நீரையும் முதலில் கேத்திலில் கொதிக்கவைத்துப் பாருங்கள், நண்பரே.